சிப்செட் ஹீட்சிங்க் கொதிக்கிறதே, ஃபேன் வைக்கணுமா?

வணக்கம். இன்றைக்கு ஓவர்க்ளாக்கிங் (சிபியுவை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றிய சந்தேகங்கள். முதலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "சிபியுவுக்கு நல்ல கூலர் போட்டுவிட்டேன். ஓவர்க்ளாக் செய்த பிறகு மதர்போர்டில் இருக்கிற சிப்செட் ஹீட்சிங்கைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை. அதன் மேல் சின்ன ஃபேன் வைக்கணுமா, பேஸ்ட் மாற்றணுமா, இல்லை வாட்டர் பிளாக்கே போட்டுவிடலாமா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: சிப்செட் என்பது சிபியுவையும் மற்ற பாகங்களையும் இணைக்கிற சிப், ஹீட்சிங்க் அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற உலோகத் துண்டு, பேஸ்ட் இரண்டுக்கும் நடுவே தடவுகிற பசை, வாட்டர் பிளாக் தண்ணீர் ஓட விட்டுக் குளிர்விக்கிற துண்டு. என்ன போர்டு என்று நண்பர் சொல்லவில்லை. பாதி பதில் அதில்தான் இருக்கிறது. உங்களுடையது இன்றைய தலைமுறை போர்டு என்றால் சிப்செட்டைப் பற்றி அநேகமாகக் கவலையே வேண்டாம், பார்க்க வேண்டிய இடம் வேறு. பழைய இன்டெல் கோர் 2 சிபியு காலத்துப் போர்டு என்றால் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம்.

முதலில் பழைய கதை, அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும். அப்போது இன்டெல் போர்டுகளில் நார்த்பிரிட்ஜ், சவுத்பிரிட்ஜ் என்று இரண்டு சிப் இருக்கும். ரேமைக் கட்டுப்படுத்தும் மெமரி கன்ட்ரோலர் சிபியுவுக்குள் கிடையாது, நார்த்பிரிட்ஜில் இருந்தது. சிபியு பேசுவதெல்லாம் எஃப்எஸ்பி என்கிற பாதை வழியாக அதனோடுதான். அந்தக் காலத்து கியூ6600 சிபியு ஞாபகம் இருக்கிறதா? 266 மெகாஹெர்ட்ஸ் எஃப்எஸ்பி, மல்டிப்ளையர் 9, பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையரை 9-க்கு மேல் ஏற்ற முடியாது, பூட்டியிருப்பார்கள். அதனால் எல்லோரும் எஃப்எஸ்பியை 333-க்கு ஏற்றி 3 கிகாஹெர்ட்ஸ் எடுத்தார்கள். ஆனால் எஃப்எஸ்பி ஏறினால் நார்த்பிரிட்ஜும் சேர்ந்து வேகமாக ஓடியாக வேண்டும். 400 வரை தள்ளினால் அதற்கு வோல்டேஜும் கூட்ட வேண்டி வரும். எக்ஸ்38 சிப்செட்டுக்கு இன்டெல் கொடுத்த டிடிபியே (சிப் வெளிவிடும் சூட்டின் கணக்கு) 26.5 வாட், பி45-க்கு 22 வாட். ஓவர்க்ளாக் செய்யாத கணக்கு இது. அதற்கு மேல் வோல்டேஜை ஏற்றிவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டை வைத்தால் எப்படித் தாங்கும்?

ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வந்தபோதே மெமரி கன்ட்ரோலரை சிபியுவுக்குள் கொண்டுபோய்விட்டது. இன்டெல் 2008 கடைசியில் முதல் கோர் ஐ7-இல் அதைச் செய்தது. அப்புறம் நார்த்பிரிட்ஜ் என்ற தனி சிப்பே தேவையில்லாமல் போனது. இன்றைக்கு போர்டில் சிப்செட் என்று மிச்சம் இருப்பது யூஎஸ்பி, சாட்டா, கூடுதல் எம்.2 ஸ்லாட் மாதிரி வேலைகளைப் பார்க்கிற, பெரும்பாலும் ஒரே சிப். இன்டெல் இசட்790 சிப்செட்டின் டிடிபி வெறும் 6 வாட். நீங்கள் பயாஸில் மல்டிப்ளையரை 50-இலிருந்து 54-க்கு மாற்றினால் இந்தச் சிப்புக்கு அது தெரியக்கூட தெரியாது. அதன் வேகமும் மாறாது, வோல்டேஜும் மாறாது.

அப்படியானால் ஏன் சுடுகிறது? இரண்டு காரணம். ஒன்று, பெரும்பாலான போர்டுகளில் சிப்செட் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே அல்லது அதை ஒட்டி. கார்டு கேம் ஓடும்போது கக்குகிற சூட்டுக் காற்று நேராக அதன் மேல்தான் விழுகிறது. இரண்டாவது, நம் விரல். 50, 55 டிகிரியிலேயே உலோகத்தில் விரலை வைத்திருக்க முடியாது. சிப்புக்கோ 60, 70 டிகிரி சர்வ சாதாரணம். விரலை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் பிசிஹெச் (இன்டெல் சிப்செட்டுக்கு வைத்திருக்கிற பெயர்) அல்லது சிப்செட் என்ற வரியைப் பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் மறந்துவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு, 2019-இல் வந்த ஏஎம்டி எக்ஸ்570. கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றை இணைக்கிற பிசிஐஇ பாதையின் 4.0 பதிப்பை வீட்டுக் கணினிகளுக்கு முதலில் கொண்டுவந்த சிப்செட் அது, சுமார் 11 வாட் இழுக்கும், அதனால் ஏறக்குறைய எல்லா போர்டிலும் அதன் மேல் குட்டி ஃபேனை வைத்தே விற்றார்கள். அந்த ஃபேனில் தூசி அடைத்துக் கிர்ரென்று சத்தம் வந்தால் சுத்தம் செய்யுங்கள், தேவைப்பட்டால் மாற்றுங்கள். பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள்.

சரி, இப்போது நிஜமான ஆள். விஆர்எம், அதாவது சிபியுவுக்கான மின்சாரத்தைச் சீராக்கித் தருகிற பகுதி. சிபியு சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் இருக்கிற ஹீட்சிங்குகளுக்கு அடியில் வரிசையாக மாஸ்ஃபெட் என்கிற மின் சுவிட்சுகள் இருக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை சிபியுவுக்கு வேண்டிய 1.2, 1.3 வோல்ட்டாகக் குறைப்பது இவற்றின் வேலை. சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஓவர்க்ளாக் செய்த சிபியு 200 வாட் எடுக்கிறது, விஆர்எம் 90 சதவீதத் திறனில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட் கொடுக்க அது 222 வாட் வாங்க வேண்டும். மிச்சம் 22 வாட் அங்கேயே சூடாகிறது. பழைய நார்த்பிரிட்ஜின் சூடு அப்படியே இடம் மாறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், வாட்டர் கூலர் வாங்கிப் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஏர் கூலரின் ஃபேன் சுற்றும்போது அக்கம்பக்கத்துக்கும் கொஞ்சம் காற்று போகும். ஏஐஓ (ரெடிமேட் வாட்டர் கூலர்) போட்டதும் சாக்கெட்டைச் சுற்றி அந்தக் காற்றும் நின்றுவிடுகிறது. சிபியு 70 டிகிரியில் சுகமாக இருக்கும், விஆர்எம் 110-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (சிபியுவை முழு மூச்சாக உழைக்கவைக்கிற சோதனை) ஓடவிடுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்து, அப்புறம் சிபியு சூடு ஏறாமலே கிளாக் வேகம் மட்டும் திடீரென்று விழுந்து விழுந்து எழுந்தால், முதலில் விஆர்எம் மேல் சந்தேகப்படுங்கள்.

இதற்கு மருந்து, காற்று. ஹீட்சிங்க் மேல் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. அவ்வளவு சின்ன ஃபேன் காற்று தள்ள வேண்டுமென்றால் அசுர வேகத்தில் சுற்ற வேண்டும், கொசு மாதிரி ரீங்காரம் வேறு. அதற்குப் பதில் ஒரு 92 அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேனைக் கேபிள் டையால் கட்டி, விஆர்எம் பக்கம் சாய்த்து, 800, 900 ஆர்பிஎம்-இல் ஓடவிடுங்கள். சத்தமே இருக்காது, சூடு நன்றாகவே இறங்கும். கேஸில் பின்பக்க ஃபேன் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

இப்போது பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு. இன்னமும் கோர் 2 குவாட் வைத்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் ஒரு பிரியம் உண்டு. நார்த்பிரிட்ஜில் பேஸ்ட் பல வருடமாகக் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருக்கும். அதை மாற்றினாலே நல்ல பலன் கிடைக்கும். கழற்றும் விதம்தான் முக்கியம். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டை வெளியே எடுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் பின்களின் முனையை மூக்குக் குறடால் லேசாக அமுக்கினால் அவை வெளியே வந்துவிடும். ஹீட்சிங்கை மேலே இழுக்காதீர்கள், இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள், ஒட்டு விடும். பல போர்டுகளில் உள்ளே சிலிக்கான் மூடியில்லாமல் வெறுமனே இருக்கும். திரும்பப் பொருத்தும்போது ஹீட்சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தினால் அதன் மூலை உடையும், உடைந்தால் போர்டு போச்சு. சுற்றி ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்ச் அதைத் தடுக்கத்தான், அதைப் பிய்த்துப் போடாதீர்கள்.

நார்த்பிரிட்ஜ் ஹீட்சிங்க், ஹீட்பைப் வழியாக விஆர்எம் ஹீட்சிங்கோடு சேர்ந்திருந்தால் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். விஆர்எம் பக்கம் இருப்பது பேஸ்ட் அல்ல, சூட்டைக் கடத்துகிற மெத்தை மாதிரியான தெர்மல் பேட். பழைய பேடின் தடிமனை அளந்து அதே அளவு போடுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினால் அந்தப் பக்கம் தூக்கி, நார்த்பிரிட்ஜில் ஹீட்சிங்க் சரியாக உட்காராது. செய்த வேலைக்குப் பலன் தலைகீழாகிவிடும். பேஸ்ட்டுக்குப் பதில் சிலர் பூசுகிற லிக்விட் மெட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

வாட்டர் பிளாக் கேட்டிருந்தார். 6 வாட் சிப்புக்கு வாட்டர் பிளாக் என்பது அழகுக்குத்தான். லூப்பில் ஒரு தடையும், கசிவதற்கு இரண்டு இணைப்பும் கூடுதல். கையில் பணமும் ஆசையும் இருந்தால், உங்கள் போர்டுக்கென்று சிபியுவையும் விஆர்எம்மையும் சேர்த்து மூடுகிற மோனோபிளாக் கிடைக்கிறதா என்று பாருங்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.