நாற்பது சேதுபதிகள்

(மண்டபத்தில் மாதக் கச்சேரியின் தொடக்க நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பாயில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே,

இந்த ஊருக்கு மண்டபம் என்று பெயர். ஆனால் பாட்டுக் கேட்க இங்கே மண்டபம் எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், நாம் கல்யாண மண்டபத்தைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கும். அங்கே பாட்டு நடக்கும், கேட்பவர்கள் எல்லாரும் பந்தியில் இருப்பார்கள். அதனால்தான் இந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தின் ஒற்றை அறையில் 42 நாற்காலிகளும் நான்கு பாய்களும் போட்டு, மாதத்தில் ஒரு மாலையைக் கச்சேரிக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கணக்கெழுதியே 31 ஆண்டுகளைக் கழித்த என்னைக் குழுவின் பொருளாளராக அமர்த்தியிருக்கிறார்கள். இசை இலக்கணம் பேச எனக்குத் தகுதி கிடையாது. கேட்பவன் என்ற முறையிலும் கணக்கு வைப்பவன் என்ற முறையிலும் மட்டுமே பேசுகிறேன்.

நாம் வாழ்வது இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் சீமை. பாஸ்கர சேதுபதி காலத்து அரண்மனையும், மதுரையில் 1901ஆம் ஆண்டு நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் புலவர்களைப் போலவே பாடகர்களையும் போற்றினார்கள். பூச்சி ஐயங்கார் என்று இசையுலகம் அழைக்கும் இராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார் (1860–1919) அந்த ஆதரவில் வாழ்ந்தவர். அவருடைய மாணவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை அடுக்கி, பல்லவி முடித்துத் துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களில் இறங்குகிற இன்றைய கச்சேரி முறை அரியக்குடியின் பெயரோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது. பின்னால் ராம்நாடு கிருஷ்ணன் வந்தார், மிருதங்கத்தில் முருகபூபதி வந்தார். கிருஷ்ணன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம்வரை போய்ப் பாடம் சொன்னார். நம் ஊர்ப்பெயர் இவர்களுடைய பெயருக்கு முன்னால் நின்றுகொண்டு மயிலாப்பூரிலும் கடல் கடந்தும் மேடையேறிக்கொண்டிருந்தபோது, ஊரிலே இருந்த மேடைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன.

ஏன் ஓய்ந்தன என்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஜமீன்கள் ஒழிந்தன, கொடுப்பதற்குக் கை இல்லாமல் போயிற்று என்பதாகும். ஜமீன் ஒழிந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. என் பாட்டனார் வரி வாங்கிய பக்கத்தில் இருந்தவர் அல்லர், கட்டிய பக்கத்தில் இருந்தவர். அரண்மனை ஒரு வித்துவானுக்குப் போட்ட சால்வையின் விலையைத் தேடிக்கொண்டு போனால், அது ஏதோ ஒரு கண்மாய்க் கரையில், மழை பொய்த்த ஆண்டிலும் அளந்து கொடுத்த நெல்லில் போய் முடியும். ஆக, பாட்டுக்கு அன்றும் பணம் கொடுத்தவர்கள் நம்முடைய முன்னோர்களே. அவர்கள் கொடுத்தார்கள், உள்ளே உட்கார்ந்து கேட்கவில்லை. நாம் கொடுத்துவிட்டுக் கேட்கவும் போகிறோம். இந்த அறையில் இருக்கும் நாற்பது பேரைச் சேதுபதிகள் என்று நான் சொல்லும்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் கணக்கைத்தான் சொல்கிறேன். பாஸ்கர சேதுபதி கொடுத்துக் கொடுத்துக் கடனில் விழுந்தவர். கொடை நாற்பது கையாகப் பிரிந்தால் யாரும் கடனில் விழ வேண்டியதில்லை.

சிறிய இடத்துக் கச்சேரி என்றால் பெரிய சபைக் கச்சேரியின் ஏழைத் தம்பி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு இதே அறையில் நடந்த ஒரு வெள்ளோட்டம் அந்த எண்ணத்தை மாற்றியது.

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தையும் அரிச்சந்திரன் மயான காண்டத்தையும் நீங்கள் அறிவீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த அந்த இசை நாடக மேடையின் ஓரத்தில், ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பின்பாட்டுப் பாடும் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். 35 ஆண்டுகளாக நாம் அவரைக் கேட்டிருக்கிறோம், ஆனால் எல்லாம் புளியமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக, அரைத் தூக்கத்தில். அன்று மாலை அவர் வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இப்படியும் அப்படியும் பார்த்தார். “மைக்கு இன்னும் வரலியாண்ணே?” என்றார். மைக்கு இல்லை, இருபத்தைந்து பேர்தான் என்றோம். அவருக்கு முகம் சற்று வாடியது. தன்னைக் குறைத்து மதிக்கிறோம் என்று எண்ணியிருப்பார்.

வழக்கப்படி ஐந்து கட்டைச் சுருதியில், அதாவது உச்சக் குரலில், எடுத்தார். இரண்டு வரி பாடினார். அந்தக் குரல் சுவரில் மோதி அவர் மீதே திரும்பியது. நிறுத்தினார். துருத்தியை மெல்ல மூடி, ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு, இரண்டு கட்டைக்கு இறங்கி அதே பாட்டை மறுபடி தொடங்கினார். ஐயா, அந்த மனிதருக்கு அப்படி ஒரு கீழ்க்குரல் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்து நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். நள்ளிரவில் ஆயிரம் பேரை விழித்திருக்கச் செய்வதற்காக உச்சத்திலேயே வாழ்ந்த தொண்டை, முதன்முறையாக யாராவது தூங்கிவிடுவார்களோ என்ற கவலை இல்லாமல் கீழே இறங்கி நடந்தது. துருத்தி மூச்சு விடுவது கேட்டது. கட்டையில் அவருடைய நகம் படுவது கேட்டது. காம்போதி ராகத்தில் ஓர் இடத்தில் குரல் உடைந்து, அவர் அதை மறைக்காமல் உடைந்த இடத்திலிருந்தே தூக்கிச் சென்றதையும் கேட்டோம். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், “இம்புட்டு நாளா எங்கய்யா வச்சிருந்த இத?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். இந்தக் கேள்வியைப் பெரிய அரங்கத்தில் யாரும் கேட்க முடியாது. கேட்டாலும் பாடகர் காதில் விழாது.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த அறைக்கு ஒலிபெருக்கி நன்கொடையாகத் தருவதாக இரண்டு அன்பர்கள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய மனத்தைப் போற்றுகிறேன். அந்தப் பணத்தில் நாற்காலிக்கு மெத்தை வாங்கித் தாருங்கள்.

வாத்தியங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நாடாப் போல் நீண்டு கிடக்கும் இந்த ஊரில் காற்றும் ஒரு பக்கவாத்தியம். மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தளரும். தளர்ந்தால் சுருதி இறங்கும். மதுரையில் சுருதி சேர்த்துக்கொண்டு வந்த மிருதங்கம், கச்சான் காற்று வீசும் மாதத்தில் இங்கே வந்து உறையைக் கழற்றியதும் வேறு பேச்சுப் பேசும். அதற்காகத்தான் மிருதங்க வித்துவானை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறோம். கல்லும் கட்டையுமாக அவர் வட்டம் வட்டமாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “இன்னும் ஆரம்பிக்கவில்லையா” என்று யாரும் பொறுமை இழக்க வேண்டாம். கஞ்சிராவுக்கு மற்ற ஊர்களில் தண்ணீர் தொட்டுச் சுருதியை இறக்குவார்கள். நம் ஊரில் அந்த வேலையைக் காற்றே செய்துவிடும், சில நாள் அளவுக்கு மீறியும் செய்துவிடும். இதையெல்லாம் பொருட்படுத்தாத வாத்தியம் கடம் ஒன்றுதான். அதுவும் நம் ரயில் பாதையிலேயே இருக்கும் மானாமதுரையில், வைகைக் கரையின் குயவர்கள் செய்வது. சுட்ட மண்ணுக்கு ஈரக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. இன்று வாசிக்கப்போகும் கடமும் அங்கே வனைந்ததே.

கர்நாடக இசை மட்டும்தானா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபின் பாடல்களை, ஏர்வாடி தர்காவுக்கு வரும் பக்கீர்கள் தாயிரா என்னும் பறையைத் தட்டிக்கொண்டு பாடிக் கேட்டிருக்கிறோம். இசைமுரசு நாகூர் ஹனிபா பிறந்தது 1925இல், இதே இராமநாதபுரத்தில். ஓரியூர் அருளானந்தர் திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் கும்மியும் பாட்டும் இருக்கின்றன. இவர்கள் எல்லாருக்கும் இந்த அறை திறந்திருக்கும். அதுவும் “இடைவேளையில் ஒரு நாட்டுப்புறப் பாடல்” என்ற துணுக்காக இல்லாமல், மாலை முழுவதும், அதே தொகைக்கு.

ஆனால் சில பாட்டுகளை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதும் என் கருத்து. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை நாற்காலிக்காரர்கள் முன்னால் பாடச் சொன்னால், கயிற்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிற அந்த மனிதருக்குச் சீர் எங்கே விழுகிறது என்றே தெரியாமல் போகும். அந்தப் பாட்டின் தாளம் வலையின் கனத்தில் இருக்கிறது. வலை கரையை நெருங்க நெருங்க அடி விரைவதும், தலைவர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் மூச்சோடு வாங்குவதும் மணலில் நின்றால்தான் புரியும். முளைக்கொட்டுத் திண்ணையில் பெண்கள் வட்டமிட்டுப் பாடும் கும்மியும் அப்படியே. நடுவில் முளைப்பாரி இருக்க வேண்டும். இவற்றை ஆதரிக்க விரும்புகிறவர்கள் விடியற்காலையில் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். போகும்போது கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டுக் கயிற்றிலும் கை வையுங்கள்.

இனி, என் துறைக்கு வருகிறேன்.

இந்த அறையில் 42 நாற்காலிகள். நாற்காலிக்கு 150 ரூபாய் என்றால் 6,300 ரூபாய். பாடகருக்கு 2,000, வயலின், மிருதங்கம், கடம் வாசிக்கும் மூவருக்கும் ஆளுக்கு 1,000, ஆக 5,000. மீதி 1,300இல் நால்வருக்கும் பயணச் செலவு, இரவுச் சாப்பாடு, நமக்குச் சுக்குக் காப்பி. இது போதுமான தொகை அன்று என்பது எனக்குத் தெரியும். கலைஞர்களிடமும் அதைச் சொல்லியே அழைக்கிறோம். ஆனால் நாற்பத்திரண்டில் இருபது நாற்காலி காலியாகக் கிடந்தால் அந்தக் குறைந்த தொகையும் எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பாருங்கள். சபைக்கு நீங்கள் வராவிட்டால் கூட்டம் குறையும், அவ்வளவுதான். இங்கே வராவிட்டால் கடம் வாசிப்பவருக்குச் சம்பளம் குறையும். பிள்ளைகளுக்குப் பாய் இலவசம். பெரியவர்களுக்கு அழைப்பிதழ், அனுமதிச் சீட்டு என்று இரண்டு வகை கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் 150 ரூபாய்தான்.

பொன்னாடை வேண்டாம். பாடி முடித்த கலைஞரை நிற்க வைத்து, ஆறு பேர் ஆறு துண்டு போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு வயலினுக்குத் தந்தி மாற்றலாம்.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் முயற்சியாக, இந்தக் கட்டடத்தின் வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாதஸ்வரக் கச்சேரி வைத்தோம். தருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் தரவில்லை. “அடுத்த வாரம் கொடுத்து அனுப்புகிறோம்” என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் மூன்று வாரமாயிற்று. ஒரு நாள் காலையில் தவில்காரரே திருப்புல்லாணிக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி என் வீட்டுக்கு வந்தார். பணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். தோல் விலை ஏறிவிட்டதைச் சொன்னார், தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையை மாற்ற வேண்டியிருப்பதைச் சொன்னார், விரல் கூடுகளைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். பசையும் துணியுமாகச் சுற்றிக் காய வைத்த அந்தக் கூடுகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. நான் உள்ளே போய் வீட்டுப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. இப்போது முறையை மாற்றிவிட்டோம்: கலைஞர்கள் மேடையில் உட்காருவதற்கு முன்பே உறைகள் அவரவர் கையில் சேர்ந்துவிடும். இன்றைய உறைகள் சேர்ந்துவிட்டன.

நாளைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் பணம் இருக்காது. மற்ற மாதங்களில் பணம் இருக்கும், ஆள் கடலில் இருப்பார். ஆகவே, படகு இறங்காத நாளாகப் பார்த்தே மாதக் கச்சேரியை வைக்கிறோம். தடைக்காலத்து இரண்டு மாதமும் அந்தக் குடும்பங்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்த இரண்டு மாதத்துப் பற்றாக்குறையை மற்ற நாற்காலிகள் சுமக்க வேண்டும். யார் சுமப்பது என்பதற்கு வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், போகும்போது பாருங்கள்.

பேச்சு நீண்டுவிட்டது என்று மிருதங்க வித்துவான் என்னைப் பார்க்கும் பார்வையே சொல்கிறது. அவர் சேர்த்து வைத்த சுருதி நான் பேசப் பேச இறங்கிக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் இருக்கும் தம்பி, அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் கிறீச்சொலி தம்புராவோடு சேரவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும். நான் அங்கே மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு 150 ரூபாய் கட்டியிருக்கிறேன்.