கிளார்க் வேலை: நம்பிப் போகலாமா, ஒதுங்கிப் போகணுமா?

நடுவர் ஐயாவுக்கும், இந்தப் பனியில ஸ்வெட்டர் மாட்டிட்டு வந்து உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும், மூணு மணி நேரமா நின்னுட்டே இருக்கிற மைக்செட் அண்ணனுக்கும் வணக்கமுங்க.

எதிரணித் தம்பி பேசி முடிக்கும்போது தலைப்பே எனக்கு மறந்துபோச்சு, அதனால ஒருக்கா சொல்லிக்கிறேன். ஆபீஸ் கிளார்க் வேலைய நம்பிப் போகலாமா, ஒதுங்கிப் போகணுமா, இதான் இன்னிக்கு வழக்கு. நம்பிப் போகலாம்னு சொல்றது எங்க அணி. நான் 15 வருஷமா இதே திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கிளார்க்கா இருக்கேன். விசிட்டிங் கார்டுல அட்மின் எக்ஸிகியூட்டிவ்னு போட்டிருக்கும், சம்பள ரெஜிஸ்டர்ல ஆபீஸ் அசிஸ்டென்ட்னு இருக்கும், கம்பெனிக்குள்ள எல்லாரும் கூப்பிடுறது "ஏ ஆபீஸ் புள்ள"ன்னுதான். மூணு பேர் இருந்தாலும் சம்பளம் ஒண்ணுதானுங்க.

மொதல்ல எங்க அணித் தலைவர் ஐயா என்னை மன்னிக்கணும். அவர் பேசுனதுல ஒண்ண நான் ஒத்துக்கல. கவர்மென்ட் கிளார்க் வேலை கெடைச்சா சாகுற வரைக்கும் கவலையில்ல, அசைக்க முடியாதுன்னு சொன்னாரு. அசைக்கலாமுங்க ஐயா. 2003 ஜூலைல அரசு ஊழியர் ஸ்ட்ரைக்கு நடந்துச்சே, சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரே அடியா டிஸ்மிஸ் பண்ணாங்க, ஆகஸ்ட் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வேற ஸ்ட்ரைக் பண்றது அடிப்படை உரிமை இல்லைன்னு சொல்லிடுச்சு, அப்புறம் எழுதி வாங்கிட்டு பெரும்பாலானவங்கள திரும்பச் சேத்துக்கிட்டாங்க. அதே வருஷம் ஏப்ரல் 1-க்கு அப்புறம் சேந்தவங்களுக்கு பழைய பென்ஷனும் நின்னுபோச்சு. எங்கம்மா ஒரு தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டுங்க. அந்த டிஸ்மிஸ் லிஸ்ட்ல அவங்க பேரும் இருந்துச்சு. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. வீட்ல அரிசிக்கு என்ன பண்றதுன்னு அழுவாங்கன்னு நாங்க பயந்துட்டிருக்கோம், அவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து என்ன சொன்னாங்க தெரியுங்களா, "அந்த கெழவியோட முதியோர் பென்ஷன் பேப்பர டிராயர்லயே வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்டி, சாவி என்கிட்ட இருக்கு"ன்னாங்க. வேலை போயிருச்சு, சாவி மட்டும் கையில. அதனால உத்தரவாதம்ங்கிற வார்த்தைய வெச்சு நான் இந்த வேலைக்கு வாதாடப் போறதில்ல. எனக்கு அந்த டிராயர் போதும்.

எதிரணித் தம்பி ஐடில இருக்காரு, நல்லா பேசுனாரு, பஞ்ச் பஞ்ச்சா பேசுனாரு. கிளார்க்குன்னா என்ன, மேல இருந்து வர்றத கீழ தள்றது, கீழ இருந்து வர்றத மேல தள்றது, ஒரு போஸ்ட் ஆபீஸ் டப்பா, அவ்ளோதான்னாரு. எல்லாரும் கைதட்டுனீங்க, நானும் தட்டுனேன்.

தம்பி, மாசத்துல எனக்கு நாலு தேதி இருக்குது. 7-க்குள்ள டிடிஎஸ், அதான் புடிச்சு வெச்ச வருமான வரி, கட்டணும், 11-க்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, அதான் வித்ததுக்கான ஜிஎஸ்டி கணக்கு, 15-க்குள்ள பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20-க்குள்ள 3பி, அதான் மாச ஜிஎஸ்டி கணக்க முடிச்சு வரி கட்டுறது. இதுக்கு நடுவுல சனிக்கிழமை சனிக்கிழமை வாரச் சம்பளம், யாருக்கு எத்தன ஷிப்ட்டு, யாருக்கு ஒன்றரை, யாருக்கு அட்வான்ஸ் புடிக்கணும், சரக்கு லோடு ஏறுச்சுன்னா ஈ-வே பில்லு, துணி சாயத்துக்குப் போனா சலான், சாயத்துல இருந்து வந்தா எடை கொறைஞ்சிருக்கும் அதுக்கு ஒரு சண்டை. இந்த நாலு தேதில ஒண்ணு தவறுனா வட்டியும் லேட் பீஸும் மொதலாளி தலையில விழும், மொதலாளி என் தலையில விழுவாரு. டப்பாவுக்கு இவ்ளோ தேதி ஞாபகம் இருக்குமுங்களா?

சரி அத விடுங்க, அதெல்லாம் சாஃப்ட்வேர் பண்ணிடும்பீங்க. பண்ணட்டும், எனக்கு சந்தோஷம்தான். ஆனா சாஃப்ட்வேர் பண்ணாத ஒண்ணச் சொல்றேன்.

எங்க கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல ஒரு அக்கா. அந்தக்கா வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், பிஎஃப் பணத்துல அட்வான்ஸ் எடுக்கணும். வெளில ஒரு எடத்துல காசு குடுத்து ஆன்லைன்ல போட்டாங்க, ரிஜெக்ட். மறுபடி போட்டாங்க, ரிஜெக்ட். மூணாவது தடவையும் ரிஜெக்ட் ஆனதும் என்கிட்ட வந்தாங்க, "எம்பட பணம் எனக்கு இல்லியாமா கண்ணு"ன்னு. எடுத்துப் பாத்தா, ஆதார்ல பொறந்த தேதி ஜனவரி 1. உங்களுக்கே தெரியும், பொறந்த தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் ஜனவரி 1-னு போட்டு விட்டிருப்பாங்க, போன புது வருஷத்தன்னிக்கு எங்க கம்பெனில மட்டும் நாப்பது பேருக்கு பர்த்டே. ஆனா பிஎஃப் கணக்குல பழைய கம்பெனிக்காரங்க வேற ஒரு தேதி போட்டிருக்காங்க. பேரும் தகராறு. அதுல அப்பா இனிஷியல், இதுல வீட்டுக்காரர் இனிஷியல், ஒண்ணுல "அம்மாள்", இன்னொண்ணுல வெறும் "அம்மா". ஒரு "ள்" வந்து குறுக்க படுத்துக்கிச்சுங்க, பணம் நகர மாட்டேங்குது.

கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? மிஸ்மேட்ச்னு சொல்லும், செவப்புல சொல்லும், அதோட அது வேலை முடிஞ்சுது. நான் அந்தக்காவ உக்கார வெச்சு, அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச ஸ்கூல் எது, டிசி யார் வீட்ல இருக்குது, தம்பி பொண்டாட்டிக்கு போன் போட்டு பரண் மேல இருக்கிற ட்ரங்க் பெட்டியத் தொறக்கச் சொல்லி, அத போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அது தெளிவா இல்லைன்னு மறுபடி எடுக்கச் சொல்லி, எந்த டாக்குமென்ட்டு செல்லும் எது செல்லாதுன்னு பாத்து ஜாயின்ட் டிக்ளரேஷன், அதான் ஆளும் கம்பெனியும் சேந்து குடுக்குற திருத்த மனு, போட்டு, மொதலாளிகிட்ட கம்பெனி சார்பா அப்ரூவ் வாங்கி, அது பாஸாகுற வரைக்கும் தெனம் காலைல டீக்கு முன்னாடி ஸ்டேட்டஸ் பாத்துட்டே இருந்தேன். ஒரு நாள் அந்தக்கா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து போன நீட்டுனாங்க. பேங்க் மெசேஜ். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது அவங்களுக்கு. "இதுல எத்தன சைபர் கண்ணு?"ன்னு கேட்டாங்க. நான் எண்ணிச் சொன்னேன்.

இத வெச்சுத்தான் சொல்றேன், கிளார்க்கு வேலைங்கிறது ஆளையும் காகிதத்தையும் ஒண்ணு சேக்குற வேலை. ஆள் ஒரு மாதிரி இருப்பாங்க, காகிதம் ஒரு மாதிரி இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு "ள்" இருக்கும். அத எடுக்கத் தெரிஞ்சவங்க வேணும். விரல் வெக்கிற மெஷின் வந்துச்சே, சாயப்பட்டறைல வேலை பாத்த விரல்ல ரேகை எடுக்கவே எடுக்காது, நாள் முழுக்க நின்னு வேலை பாத்தவனுக்கு ஆப்சென்ட் விழும், அத யார் வந்து திருத்துறது?

அடுத்து எதிரணில சீனியர் ஐயா ரெண்டு பேரக் கொண்டு வந்தாரு. ஒருத்தர் ராபர்ட் கிளைவ். 1744-ல பதினெட்டு வயசுல மெட்ராஸுக்கு ரைட்டரா வந்தாரு, ரைட்டர்னா ஈஸ்ட் இண்டியா கம்பெனி கிளார்க்கு, வருஷத்துக்கு 5 பவுண்டு சம்பளம், அந்த வேலை புடிக்காம பேனாவத் தூக்கிப் போட்டுட்டு துப்பாக்கிய எடுத்தாரு, 1751-ல ஆற்காடு, 1757-ல பிளாசின்னு சண்டையா ஜெயிச்சு எங்கயோ போயிட்டாருன்னாரு. நடுவர் ஐயா, இதுக்கு நான் என்னங்க பதில் சொல்றது, அந்த மனுசன் மட்டும் ஒழுங்கா கிளார்க்காவே இருந்து ரிட்டயர் ஆகியிருந்தா நமக்கு இருநூறு வருஷம் மிச்சமுங்க! கிளார்க்கு வேலைய விட்டா நாட்டுக்கே ஆபத்துங்கிறதுக்கு இத விடப் பெரிய சாட்சிய எங்க அணி தேடினாலும் கெடைக்காது.

இன்னொருத்தர் ராமானுஜன். மேதை, கிளார்க்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சதாலதான் உலகம் பாத்துச்சுன்னாரு. பாதி கதைய சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அந்த நாற்காலில உக்காரறதுக்கு முன்னாடி என்ன நெலமை? காலேஜ் பரீட்சைல கணக்கத் தவிர மத்ததெல்லாம் போச்சு, நோட்டுப் புத்தகத்த அக்குள்ல வெச்சுக்கிட்டு ஊர் ஊரா பெரிய மனுசங்க வீட்டு வாசல்ல நின்னாரு. அவர் தேடிப் போய்க் கேட்டதே கிளார்க்கு வேலைதானுங்க. 1912 மார்ச் 1-ந் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல அக்கவுன்ட்ஸ் கிளார்க்கா சேந்தாரு, மாசம் 30 ரூபாய். அங்க மேனேஜர் நாராயண ஐயர், அவரும் கணக்குப் பைத்தியம், ரெண்டு பேரும் ராத்திரி ராத்திரி சிலேட்டு வெச்சு கணக்குப் போட்டிருக்காங்க. பேப்பர் வாங்கக் காசில்லாம பார்சல் சுத்துற காகிதத்துல எழுதியிருக்காரு. அந்த ஆபீஸ்ல உக்காந்துட்டுத்தான் 1913 ஜனவரி 16-ல கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு லெட்டர் போட்டாரு. அந்த லெட்டரோட மொத வரி என்ன? நான் ஒரு கணித மேதைன்னா எழுதுனாரு? மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல வருஷம் 20 பவுண்டு சம்பளத்துல இருக்கிற ஒரு கிளார்க்குன்னு அறிமுகப்படுத்திக்கிட்டாரு. (அன்னிக்கு ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய், மாசம் 30-ன்னா வருஷம் 360, 24 பவுண்டு வரணும். 4 பவுண்டு கொறைச்சு எழுதியிருக்காரு. வெளில சம்பளத்தக் கொறைச்சுச் சொல்ற பழக்கம் எங்களுக்கு அப்பவே இருந்திருக்குதுங்க.) அஞ்சு மணிக்கு வீட்டுக்கு அனுப்புற வேலை, தலைக்குள்ள எடம் மிச்சம் வெக்கிற வேலை, அதான் அவருக்குத் தேவைப்பட்டுச்சு. நைட் பன்னெண்டு மணிக்கு கிளையன்ட் கால் இருந்திருந்தா அந்த நோட்டுக்கெல்லாம் என்ன கதின்னு ஐடித் தம்பியத்தான் கேக்கணும்.

வளர்ச்சி இல்ல, சேந்த நாற்காலிலயே ரிட்டயர்மென்ட்டுன்னாங்க. ரெவின்யூ டிபார்ட்மென்ட்ல இளநிலை உதவியாளரா உள்ள போறவங்க, டிபார்ட்மென்ட் பரீட்சையெல்லாம் எழுதி முடிச்சா துணை தாசில்தார், தாசில்தார்னு வரலாம், வந்தவங்க இருக்காங்க. ஆனா எங்கம்மா டைப்பிஸ்ட்டா சேந்து அந்தளவுக்கெல்லாம் போகல, அதையும் சொல்லிடுறேன். டைப்பிங் பரீட்சைல நிமிஷத்துக்கு 30 வார்த்தை லோயர், 45 வார்த்தை ஹையர், தமிழ்ல "யளனக" அடிச்சு அடிச்சு விரல் வளைஞ்சு போனவங்க. அவங்க மொதமொதல்ல ஒரு ஃபைல்ல குறிப்பு எழுதறப்போ "மனுதாரர் உண்மையிலேயே ஏழை என்று நினைக்கிறேன்"னு எழுதியிருக்காங்க. சூப்பிரண்டு சார் செவப்பு மையில அந்த "நினைக்கிறேன்"ன அடிச்சிட்டு, "ஃபைலுக்கு நினைப்பு கெடையாதும்மா, நேர்ல போயி பாத்த ஆள் யாரு, என்ன பாத்தாங்க, எந்த அரசாணை இடம் குடுக்குது, அத எழுது"ன்னாராம். ஏழைன்னு சொல்றதுக்கும் ஏழைன்னு நிரூபிக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசத்த எங்கம்மா அன்னிக்குக் கத்துக்கிட்டாங்க. அப்புறம் முடிஞ்ச பேப்பருக்கு மேல ஓ.மு., மூ.மு., ப.மு.-னு போடுவாங்க பாருங்க, ஒரு வருஷம் வெக்கணுமா, மூணு வருஷமா, பத்து வருஷமான்னு. எந்தக் காகிதம் என்னிக்கு யாருக்குத் தேவைப்படும்னு யோசிச்சுத்தான் அந்த எழுத்தப் போடணும். தப்பாப் போட்டா ஒரு வருஷத்துல அழிச்சிருவாங்க, மூணாவது வருஷம் ஒருத்தன் நிலத்துக்கு அது வேணும்னு வந்து நிப்பான்.

லஞ்சத்தப் பத்தியும் ஒரு குத்து குத்துனாங்க. வாங்குறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொன்னா இந்தக் கூட்டமே சிரிக்கும். அதுக்கு வேலை பொறுப்பில்ல, ஆள்தான் பொறுப்பு. பனியன் கம்பெனி கிளார்க்குக்கு யாருங்க தர்றாங்க, தீபாவளிக்கு சாயப்பட்டறைக்காரர் ஒரு காலண்டர் குடுப்பாரு.

ஒரு எடத்துல மட்டும் எதிரணி சொன்னது எனக்கு சுருக்குன்னுச்சு. 2025 ஜூலை 12-ல நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை எழுத கிட்டத்தட்ட 14 லட்சம் பேர் அப்ளிகேஷன் போட்டாங்க, அறிவிச்ச எடம் 3,935, ஏறக்குறைய 350 பேருக்கு ஒரு சீட்டு, இதுக்கு ஏன் பசங்க அஞ்சு வருஷம் ஆறு வருஷம்னு கோச்சிங் சென்டர்ல கெடக்கணும்னு கேட்டாரு. நியாயமுங்க. அதுல நான் சண்டைக்கு வரல. என் கூட காலேஜ் படிச்ச பொண்ணே ஏழு வருஷம் எழுதிட்டு இப்ப எங்கயும் போக முடியாம இருக்கா. எழுதுங்க, ரெண்டு தடவை எழுதுங்க, ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்கன்னுதான் சொல்வேன். டேலி கணக்கு சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு, டைப்பிங் லோயர் முடிச்சிட்டு, ஒரு சின்ன கம்பெனி ஆபீஸ்ல உக்காருங்க. மொத மாசம் 4,500 ரூபாய்க்குத்தான் நான் சேந்தேன். இப்பவும் எங்க பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டுற அக்கா சீசன்ல என்னவிட ஜாஸ்தி வாங்கறாங்க, அத நானே கவர்ல போட்டுக் குடுக்கறேன், அதுலயும் எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகல. சம்பளம் கொறைவுன்னு சண்டை போடணும்னா மொதலாளிகிட்ட போடுங்க, வேலை மேல பழி போடாதீங்க.

நடுவர் ஐயா மணிய எடுத்துட்டாரு, அடிச்சிருங்க பரவால்லீங்க. நாளன்னிக்கு 20-ந் தேதி, 3பி போடணும், ரெண்டு சப்ளையர் பில்லு இன்னும் போர்ட்டல்ல ஏறல, நான் இங்க ஏறுறதுக்கு முன்னாடியே ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து மூணு மிஸ்டு கால். அங்க கூப்பிடுறதும் ஒரு கிளார்க்கு பொண்ணுதானுங்க, அவளும் இன்னும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டா. தீர்ப்ப மட்டும் யாராச்சும் வாட்ஸப்ல போட்டு விடுங்க. வரேனுங்க.