டெம்போ வருது, டெம்போ!

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! ஏழாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் எடுத்தவர் ஐயா. ஆப்பிரிக்கப் படத்தில் விக்டோரியா ஏரியைத் தப்பான இடத்தில் குறித்ததற்காக என்னை முட்டி போட வைத்தவர். ஐயா, அந்த ஏரிக்குக் கிழக்கே ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் தப்பாகக் குறிக்க மாட்டேன். (சிரிப்பு)

வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஒரு கூட்டம் நடத்த நாற்காலி சேர்ப்பதே பெரும்பாடு என்று தெரிந்தும் மாதா மாதம் விடாமல் நடத்துகிற நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனி நன்றி. அது வந்த பாலிதீன் கவரை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

‘ஆப்பிரிக்கக் காடுகளில் ஒன்பது நாள்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம். நான் பார்த்தது பெரும்பாலும் காடு இல்லை, புல்வெளி. தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவில் தெற்கே ஒரு மரத்தைத் தாண்டினால் அடுத்த மரம் வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று, வைல்டபீஸ்ட் கூட்டம். இரண்டு, யானை. மூன்று, ஊருக்கு வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிற கேள்வி: எவ்வளவு செலவாச்சு, எந்த மாசம் போகலாம்?

வைல்டபீஸ்ட் மான் கூட்டத்தைச் சேர்ந்தது. பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். மாட்டுத் தலை, ஆட்டுத் தாடி, குதிரை வால். 12 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தான்சானியாவில் செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். வடக்கே ஒட்டினாற்போல் கென்யாவின் மசாய் மாரா, 1,510 சதுர கிலோமீட்டர். நாங்கள் விசா, முத்திரை, மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை என்று தூக்கிக்கொண்டு அலைந்தோம். வைல்டபீஸ்டுக்கு எங்கே மழை பெய்கிறதோ அங்கே போக அனுமதி உண்டு. கூடவே வரிக்குதிரையும் வரும். அது முற்றின நுனிப்புல்லைத் தின்றுவிட்டு நகர, பின்னால் வருகிற வைல்டபீஸ்ட் அடியில் இருக்கிற இளசைத் தின்னும். நம் கல்யாணப் பந்தி மாதிரிதான், யார் முதல் பந்தி என்று சண்டை மட்டும் கிடையாது.

மாரா ஆற்றை அவை கடப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முன்னால் நின்ற ஒன்று தண்ணீரை மோந்து பார்த்தது. திரும்பிவிட்டது. பின்னால் நின்ற அத்தனையும் திரும்பிவிட்டன. நாங்கள் கிளம்பிய மறுநாள் கடந்தனவாம். சரி, விடுங்கள்.

யானைக்கு வருகிறேன். ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.’ ஐயா எங்களை ஐம்பது தடவை எழுத வைத்த பழமொழி. இதில் இரண்டாம் பாதியைக் கென்யாக்காரர்கள் தீ வைத்துக் கொளுத்திவிட்டார்கள். 1989 ஜூலையில் அதிபர் டேனியல் அரப் மோய், நைரோபி தேசியப் பூங்காவில் 12 டன் தந்தத்தை அடுக்கித் தன் கையால் நெருப்பு வைத்தார். 2016 ஏப்ரலில் அதே பூங்காவில் 105 டன். தந்தம் லேசில் எரியாது, எரிபொருள் விட்டு நாள் கணக்கில் எரிக்க வேண்டும். விற்றிருந்தால் கஜானா நிரம்பியிருக்கும். இறந்த யானை ஒரு காசு பெறாது, இருக்கிற யானைதான் ஆயிரம் பொன் என்று உலகத்துக்குக் காட்டினார்கள். வேட்டைக்கு 1977லேயே தடை. அந்த ஆயிரம் பொன்னைத்தான் நம்மைப் போன்றவர்கள் நுழைவுக் கட்டணமாகவும் வண்டி வாடகையாகவும் கட்டிவிட்டு வருகிறோம்.

இப்போது என் மைத்துனர் கதை. மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். மாப்ளே, எழுந்திருக்க வேண்டாம்.

கிளம்பும்போதே சொல்லியிருந்தார்கள், கென்யாவுக்கு பிளாஸ்டிக் பையோடு வராதீர்கள் என்று. கேட்டால்தானே! முறுக்கு நமத்துப் போகுமாம். பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே, நம் ஊர்ப் பலகாரக் கடை பேர் போட்ட மஞ்சள் கவரில் இரண்டு கிலோ முறுக்கு வந்துவிட்டது.

கென்யாவின் அம்போசெலி பூங்கா. 392 சதுர கிலோமீட்டர்தான், சின்னது. எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலை, 5,895 மீட்டர். காலையில் மேகம் ஏறுவதற்கு முன்னால் பார்த்தால் உச்சியில் வெள்ளை தெரியும். மலைப் பக்கத்துத் தண்ணீர் மண்ணுக்கு அடியிலேயே வந்து இங்கே ஊற்றெடுத்துச் சதுப்பாக நிற்கிறது. யானைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. கூரையைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டே பார்க்கிற வண்டி. வழிகாட்டிதான் டிரைவரும். திடீரென்று அவர் கையை நீட்டி, “டெம்போ! டெம்போ!” என்றார்.

மைத்துனர் ரோட்டைப் பார்க்கிறார். “எங்க மாமா டெம்போ? ஒரு வண்டியும் வரலையே. ஓரமா நிறுத்தச் சொல்லுங்க!” (சிரிப்பு)

வழிகாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி “டெம்போ” என்கிறார். இவர் மறுபடி ரோட்டைப் பார்க்கிறார். சுவாஹிலியில் சஃபாரி என்றால் பயணம், சிம்பா என்றால் சிங்கம், ட்விகா என்றால் ஒட்டகச்சிவிங்கி. டெம்போ என்றால் யானை!

இவர் ரோட்டில் தேடிக்கொண்டிருந்த டெம்போ, சதுப்புக்குள்ளிருந்து ஏறி வந்தது. பதினாலு உருப்படி. வயிறு வரைக்கும் ஈரம், கறுப்பு. அதற்கு மேலே புழுதி, வெளிர் சாம்பல். கோடு போட்டுப் பெயின்ட் அடித்த மாதிரி. வழிகாட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். முன்னால் வந்த கிழவி யானை வண்டியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குட்டியைத் தன் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தது.

பயத்திலோ என்னவோ, மைத்துனர் கை முறுக்குக்குப் போயிருக்கிறது. அம்போசெலியில் காற்று சும்மா அடிக்காது. கவர் பறந்துவிட்டது! கிளிமஞ்சாரோ முன்னால் நம் ஊர்க் கடையின் பேர், தமிழில், முள்செடியில் மாட்டிக்கொண்டு படபடக்கிறது. ஒரு குட்டி துதிக்கையை நீட்டித் திரும்பியது. வழிகாட்டி வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முழுக்கக் கடக்கும்வரை, இருபது நிமிஷம், கவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை ஒட்டினாற்போல் நிறுத்தி, காலைத் தரையில் வைக்காமல் கதவிலிருந்து சாய்ந்து எடுத்தார். நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார். சாயங்காலம் வரை எங்களிடம் பேசவில்லை.

அங்கே 2017 ஆகஸ்டிலிருந்து கேரி பேக்குக்குத் தடை, மீறினால் 4 ஆண்டு வரை சிறை. 2020 ஜூன் 5 முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை போடுகிற தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர், ஸ்ட்ரா எதுவும் போகக் கூடாது. நம்மிடம் சட்டம் இல்லையா? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. மருதமலைப் பக்கம் யானைச் சாணத்தில் கவர் கிடந்ததைப் பேப்பரில் பார்த்தோம். சாப்பாட்டு வாசனை ஒட்டிய கவரைச் சேர்த்துத்தான் அது விழுங்குகிறது. இறந்தாலும் ஆயிரம் பொன்னாம்! வயிற்றைக் கிழித்து டாக்டர் எடுத்துப்போடும் கந்தலையா பொன் என்பது?

மேடையில் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறீர்கள். எட்டு எண்ணினேன். நகராட்சித் தலைவர் அம்மாவிடம் ஒரே விண்ணப்பம்: மலை ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு குடிநீர்க் குழாயும், பாட்டிலையும் கவரையும் வாங்கி வைக்க ஒரு ஆளும் போட்டுக் கொடுங்கள். கையெழுத்து நோட்டு வாசலில் இருக்கிறது. சரக அலுவலர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஐயா துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. செலவுக் கணக்கு முழுக்க மைத்துனரிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பார். முறுக்கும் வைத்திருக்கிறார், எவர்சில்வர் டப்பாவில்.