கிட்டத்து வழி இருந்தும்

அன்பானவர்களே, செங்கடல் பிளந்த கதை நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குச் சற்று முன்னால், யாத்திராகமம் 13-ஆம் அதிகாரத்தில், நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு வசனம் இருக்கிறது. பெலிஸ்தர் தேசத்து வழி சமீபமாக இருந்தும், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்களைத் தேவன் அந்த வழியாக நடத்தவில்லை.

ஏன்? கடலோரமாகக் கானானுக்குப் போகிற அந்தச் சாலை எகிப்தியப் படைகள் போய்வருகிற சாலை. வழிநெடுகக் கோட்டைகளும் கிணறுகளும். பார்வோன் முதலாம் சேத்தி அவற்றைக் கர்னாக் கோயில் சுவரில் செதுக்கியே வைத்திருக்கிறான். இவர்களோ நேற்றுவரை செங்கல் அறுத்தவர்கள். புளிக்காத மாவைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள். யுத்தத்தைக் கண்டால் மனமடிந்து எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று வசனமே காரணம் சொல்கிறது. ‘ஏன் பயப்படுகிறீர்கள்?’ என்று ஓர் அதட்டல்கூட அங்கே இல்லை. பயந்தவர்களுக்கு ஏற்ற பாதை எதுவோ, அதில் திருப்பிவிட்டார். சுற்றுவழிதான்.

சரி, வழிகாட்ட என்ன கொடுத்தார்? பகலில் மேகஸ்தம்பம், அதாவது தூண்போல நின்ற மேகம்; இரவில் அக்கினிஸ்தம்பம், நெருப்புத் தூண். இன்னும் எத்தனை நாள் நடை, அடுத்த தண்ணீர் எங்கே என்று அது சொல்லாது. எண்ணாகமம் 9-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மேகம் சில சமயம் சாயங்காலம் தங்கி விடியற்காலையில் எழும்பிவிடும். கொஞ்சம் யோசியுங்கள். கூடாரம் அடித்து, ஆட்டைக் கட்டி, அழுத பிள்ளையை இப்போதுதான் தூங்கவைத்திருக்கிறாள் ஒரு தாய். வெளுக்கும் முன்னே வெளியே சத்தம்: மேகம் எழும்பிவிட்டது! முளைகளைப் பிடுங்க வேண்டும், மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். இன்னொரு சமயம் இரண்டு நாள், ஒரு மாதம், ஒரு வருஷம்கூட அது அசையாது. சீனாய் அடிவாரத்தில் ஏறக்குறைய 11 மாதம் இருந்தார்கள். நடப்பதைவிட இந்த உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொன் கன்றுக்குட்டியைச் செய்ததும் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதானே?

வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னாவும் அப்படித்தான். தலைக்கு ஓர் ஓமர் அளவு, அன்றைக்கு மட்டும். நாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுத்து நாறும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் எண்ணாகமம் 10-இல் வருகிறது. சீனாயை விட்டுக் கிளம்புகிற நேரம். மேகம் கண்முன்னே இருக்கிறது. அப்படியிருந்தும் மோசே மீதியானியனான தன் மைத்துனன் ஓபாபிடம் போய்க் கெஞ்சுகிறார்: எங்களை விட்டுப் போகாதே, வனாந்தரத்தில் எங்கே பாளயமிறங்கலாம் என்பது உனக்குத்தான் தெரியும், நீ எங்களுக்குக் கண்ணாக இரு.

மேகம் இருக்கும்போது இந்த ஆள் எதற்கு என்று மோசே நினைக்கவில்லை பாருங்கள். ஓபாப் முதலில் ‘நான் வரவில்லை, என் ஊருக்குப் போகிறேன்’ என்கிறான். மோசே மறுபடியும் கேட்கிறார். அதற்கு அவன் என்ன சொன்னான் என்பது அந்த அதிகாரத்தில் இல்லை. ஆனால் நியாயாதிபதிகள் புத்தகத்தைத் திறந்தால், முதல் அதிகாரத்திலேயே, யூதாவின் புத்திரரோடு சேர்ந்து அவன் குடும்பத்தார் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.