ரப்பர் படகுக்கு ஒட்டுப் போடும் காலம்

நேயர்களுக்கு வணக்கம். ஒகேனக்கல் பரிசலில் ஓட்டை விழுந்தால், பரிசல்காரரே கரையில் உட்கார்ந்து தாரைக் காய்ச்சிப் பூசிச் சரிசெய்துவிடுவார். காற்றடைத்த ரப்பர் படகுக்கு அந்த வைத்தியம் ஆகாது. ஆடியில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால், காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். மீட்புக்கு ரப்பர் படகைத் தேடுவது அப்போதுதான். அதனால் இந்தப் படகு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒட்டு வேலையை மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுங்கள்.

பசையைப் பூசியதும் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பசைமேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். மேலே ஒட்டை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் ஈரம்தான் இருக்கும். நாலு நாள் தாங்கும், அப்புறம் ஓரம் தூக்கிக்கொள்ளும். சித்திரை உச்சி வெயிலும் வேண்டாம். அழுத்துவதற்குள் பசை மேலே ஏடு கட்டிவிடும்.

அடுத்தது துணி. ரப்பர் படகு என்று சொன்னாலும் இன்று வருபவற்றில் நிறைய பி.வி.சி. பூசிய துணிதான். மற்றொன்று ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர். முன்னதற்குப் பாலியூரித்தேன் பசை, பின்னதற்கு நியோப்ரீன் பசை. எது என்று தெரியவில்லையா? மறைவான இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் லேசாகத் தேயுங்கள். பிசுபிசுத்தால் பி.வி.சி. சைக்கிள் கடைச் சொல்யூஷன் வேண்டாம். சிலிக்கானைத் தொடவே தொடாதீர்கள், அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது.

கைப்பிடி பாதி பெயர்ந்து தொங்குகிறது என்று வையுங்கள். அதன்மேலேயே பசையைத் திணிக்காதீர்கள். சூடான காற்றை மெதுவாகக் காட்டி முழுவதும் பிரித்தெடுங்கள். சூடு மிஞ்சினால் பூச்சு கொப்பளிக்கும், பொறுமை வேண்டும். பழைய பசையைத் துளி விடாமல் எடுத்துவிடுங்கள். ஹைப்பலான் என்றால் இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேயுங்கள், நூல் தெரியக் கூடாது. துடைத்த பிறகு விரல் படக்கூடாது, விரலில் உள்ள எண்ணெயே போதும் பிடிப்பைக் கெடுக்க.

பசையில், அதை இறுகவைக்கும் ஹார்டனரை டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலக்குங்கள். காற்றோட்டமான நிழலில், கையுறையும் முகக்கவசமும் போட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்ட வேண்டும், நூலாக இழுக்கக் கூடாது. அதுதான் பதம். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் அழுத்துங்கள். ரோலர் இல்லாவிட்டால் ஸ்பூனின் முதுகு போதும். ஓட்டைக்கான ஒட்டு என்றால், சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

குறைந்தது 24 மணி நேரம் காற்றடிக்காதீர்கள். பெரிய ஒட்டுக்கு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். சாயங்காலம் அடித்த காற்று விடியற்காலையில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அது குளிரால். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தும் தளர்ந்திருந்தால் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.