கெட்டி

ஆசிரிய நண்பர்களே,

நான் ஆங்கிலம் படிப்பித்தவள். பிள்ளைகளின் மேல் நாங்கள் ஒட்டிவிடும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளையை ‘குவிக்’ என்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உயிருள்ள’ என்பதே பொருள். வேகம் பிறகு வந்து ஒட்டியது. நகத்துக்கு அடியில், தொட்டால் துடிக்கும் சதைக்கு இன்றும் அதுதான் பெயர். ‘ஸ்மார்ட்’ சுரீரென்ற வலியில் பிறந்த சொல். ‘அக்யூட்’ என்றால் கூரானது, ‘ஒப்டியூஸ்’ என்றால் மழுங்கியது. கேத்திரகணிதத்தில் கூர்ங்கோணம், விரிகோணம் என்று படித்தோமே, அவைதாம். ஆங்கிலம் ‘மழுங்கியது’ என்ற கோணத்தைத் தமிழ் ‘விரிந்தது’ என்றது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

இனி ‘திக்’, ‘டென்ஸ்’. முன்னது தடித்தது, பின்னது அடர்ந்து இறுகியது. தடித்த மண்டைக்குள் எதுவும் இறங்காது என்ற ஏளனம் அந்தச் சொற்களில் இருக்கிறது. நாங்களோ கெட்டித் தயிர் என்று சொல்லும் அதே வாயால் கெட்டிக்காரன், கெட்டிக்காரி என்கிறோம். இறுகி நிற்பது எங்களுக்குத் திறமை. கடைத்தர மாணாக்கருக்கு நன்னூல் என்ற பழைய இலக்கண நூல் காட்டும் உவமைகளில் ஒன்று இல்லிக்குடம், அதாவது ஓட்டைக் குடம். ஊற்றியது நிற்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. எவ்வளவு கெதியாக நிரம்பியது என்பதல்ல. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை விரட்டும் பெற்றோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஒரு மாணவனின் தேர்ச்சி அறிக்கையில் நான் ‘ஸ்லோ’ என்று எழுதினேன். பாடம் நடக்கும்போது பேசாமல் இருப்பான். மறுநாட் காலையில் வந்து, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பான். அவனுடைய தாய் அறிக்கையோடு வந்தார். அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்தார். விரல் நுனியில் பனங்கிழங்கு உரித்த மண் ஒட்டியிருந்தது.

“ரீச்சர், இது என்ன?”

மெதுவானவன் என்றேன்.

“பிள்ளைக்கு விளங்காதோ?”

“விளங்கும் அம்மா. பிந்தி விளங்கும். விளங்கினால் மறக்கமாட்டான்.”

“அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள்.”

அந்தச் சொல்லை வெட்டினேன். அவர் கேட்டதைத் தமிழிலேயே எழுதினேன். இடம் போதாமல் ஓரத்தில் மேல்நோக்கி எழுத வேண்டியிருந்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.