பொன்னுக்குப் பதில் கிழங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மின்சாரம் இல்லாத காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கிய அரிக்கேன் விளக்கை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 'அரிக்கேன்' ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. ஸ்பானியரோ அதைக் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தாய்னோ மக்களின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் கரையேறியபோது எதிரே நின்றவர்கள் அந்த இனத்தின் ஒரு கிளையினர்தான். இன்று அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அங்கேயிருந்து போனால்தான் விடை துலங்கும்.

அவர்களுக்குச் சோறு என்றால் மரவள்ளி ரொட்டி. கிழங்கின் பெயர் யூக்கா, ரொட்டியின் பெயர் கசாபே, கிழங்கு விளையும் நிலம் கோனுக்கோ. ஏரும் மாடும் இரும்பும் கிடையாது. நுனியைத் தீயில் வாட்டி இறுக்கிய 'கோவா' என்ற கழி ஒன்றுதான் கருவி. அதைக்கொண்டு மண்ணைக் கிளறி, 9 முதல் 12 அடி சுற்றளவில் முழங்கால் உயரத்துக்கு மேடு கூட்டி, ஒவ்வொரு மேட்டிலும் பல மரவள்ளிக் குச்சிகளை ஊன்றுவார்கள். மரவள்ளியின் எதிரி தேங்கும் தண்ணீர். இரண்டு நாள் நின்றாலே கிழங்கு அழுகத் தொடங்கும். மேட்டில் தண்ணீர் வடிந்துவிடும், மண் பொலபொலப்பாக இருப்பதால் கிழங்கும் பருக்கும்.

குச்சி ஊன்றி ஏறத்தாழ ஓராண்டில் கிழங்கு தயார். தேவையில்லையென்றால் தோண்ட வேண்டாம், இன்னும் பல மாதம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். தனியாகக் குதிர் எதற்கு? சூறாவளி தண்டை முறித்துப்போட்டாலும் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். 20 பேர் நாளுக்கு 6 மணி நேரம் வீதம் ஒரு மாதம் உழைத்தால் 300 பேருக்கு இரண்டு ஆண்டு ரொட்டி என்று, கரீபியத் தீவுகளில் ஒன்றான ஹிஸ்பானியோலாவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்.

ரொட்டிக்குப் பயன்பட்டது கசப்பு மரவள்ளி. அப்படியே தின்றால் ஆளைக் கொல்லக்கூடியது. முதலில் சிப்பியால் தோலைச் சீவுவார்கள். பிறகு கூர்ங்கற்கள் பதித்த 'குவாயோ' பலகையில் துருவுவார்கள். சூட்சுமம் இந்தத் துருவலில்தான் இருக்கிறது. கிழங்கின் உயிரணுவில் லினமரின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. துருவும்போது இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு பிரிகிறது. 26 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது, வெப்பமண்டலக் காற்றில் தானே பறந்துவிடும். துருவாமல் பெரிய துண்டுகளாகக் கொதிநீரில் போட்டால்? சூட்டில் நொதி செத்துப்போகும், லினமரின் உடையாமல் தங்கிவிடும். கசப்பு வகையை வெறுமனே அவித்தால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். (நம் சமையலறையில் மரவள்ளியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கச் சொல்வார்களே, அது நஞ்சு குறைந்த இனிப்பு வகைக்கு மட்டும் சரி.)

துருவலைச் 'சிபுக்கான்' என்ற முடைந்த குழலுக்குள் திணிப்பார்கள். திணிக்கும்போது அது குட்டையாய்ப் பருத்திருக்கும். மேல்முனையை மரக்கிளையில் மாட்டி அடிமுனையில் பாரம் கட்டினால் குழல் நீண்டு ஒடுங்கும், நச்சுச் சாறு சொட்டிவிடும். சாற்றையும் வீணாக்கவில்லை. நெடுநேரம் கொதிக்கவைத்து, நஞ்சு போனபின் மிளகாய் சேர்த்துக் குழம்பாக்கினார்கள். பிழிந்த மாவைச் சலித்து, 'புரேன்' என்ற அகன்ற மண்கல்லில் எண்ணெயோ தண்ணீரோ இல்லாமல் பரப்புவார்கள். கல் சூடு குறைந்தால் மாவு ஒட்டிச் சேராது, மிஞ்சினால் விளிம்பு கருகும். இருபுறமும் வாட்டி வெயிலில் காயவைத்த ரொட்டி, நனையாதவரை ஓராண்டுக்கு மேலும் கெடாது. 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் மெக்சிகோவுக்குக் கிளம்பியபோது கியூபாவில் கப்பலேற்றிய உணவிலும் இந்த ரொட்டி இருந்தது.

கிழங்கை எடுத்துக்கொண்டு செய்முறையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொசாம்பிக் சாட்சி. போர்த்துக்கீசியர் வழி ஆப்பிரிக்காவுக்குப் போன பயிர் இது. 1981-இல் அங்கே கடும் வறட்சி. பசி தாளாமல், கசப்பு மரவள்ளியைப் பக்குவம் செய்யும் நாட்களைக் குறைத்துச் சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால் முடங்கிப்போனது.

இப்போது ஹிஸ்பானியோலாவுக்குத் திரும்புவோம். இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு அது. 1493-இல் கொலம்பஸ் 17 கப்பல்களில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்களோடு மீண்டும் வந்தார். கொண்டுவந்த உணவு கெட்டது. கோதுமை அந்த மண்ணுக்கு ஒத்துவரவில்லை. வந்தவர்களுக்கும் தாய்னோ ரொட்டிதான் கதி. அப்படியிருந்தும் 1495 வாக்கில், பொன் கிடைக்கும் பகுதிகளில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் மணி நிறையப் பொன்தூள் தர வேண்டும் என்று வரி விதித்தார்கள். அத்தனை பொன் ஆற்றுமணலில் இல்லை. குவாரியோனெக்ஸ் என்ற தலைவர் ஒரு மாற்று சொன்னார்: பொன்னுக்குப் பதிலாகத் தீவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை கோனுக்கோ போட்டுத் தருகிறோம். பட்டினி கிடந்த குடியேற்றத்துக்கு அதைவிட நல்ல பேரம் கிடைத்திருக்காது. கொலம்பஸ் ஏற்கவில்லை.

மக்கள் நடவை விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். அடுத்து வந்த பஞ்சம் ஸ்பானியரையும் வாட்டியது, தாய்னோக்களை அதைவிட அதிகமாகக் கொன்றது. பின்னர் ஆண்களைப் பல மாதம் சுரங்கத்துக்கு ஓட்டினார்கள். ஸ்பானியர் பண்ணைகளில் மேடு கூட்டும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. மரவள்ளியில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பருவம் நடாமல் விட்டால், பசி உடனே தெரியாது. ஓராண்டு கழித்துத்தான் வந்து நிற்கும். அதற்குள் அடுத்த நடவும் தவறியிருக்கும்.

எல்லாம் பெரியம்மை செய்த வேலை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். தேதியைப் பார்த்தால் அது நிற்காது. கொலம்பஸ் வந்தபோது தீவில் எத்தனை பேர் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஒரு லட்சத்திலிருந்து பல லட்சம் வரை சொல்கிறார்கள். 1514-இல் எடுத்த பட்டியலில் ஏறத்தாழ 26,000 பேரே இருந்தார்கள். பெரியம்மை இறங்கியது 1518-இன் இறுதியில். வேறு காய்ச்சல்கள் முன்பே வந்தன, உண்மைதான். ஆனால் ஓய்வும் ரொட்டியும் இல்லாத உடம்பில்தான் அவை ஏறின.

ஸ்பெயின் அரசுக்கே இது உறைத்திருக்க வேண்டும். 1512 டிசம்பரில் பிறந்த புர்கோஸ் சட்டம், 50 தாய்னோக்களை வைத்திருக்கும் ஒவ்வொரு பண்ணைக்காரரும் அவர்களுக்காக 5,000 மேடு போட வேண்டும் என்றது: மரவள்ளிக்கு 3,000, மற்றக் கிழங்குக்கு 2,000. கூடவே 250 மிளகாய்ச் செடி. குவாரியோனெக்ஸ் கேட்டதை ஏற்க மறுத்து ஏறத்தாழ 17 ஆண்டு ஆகியிருந்தது.

தாய்னோ வழிவந்த குடும்பங்கள் அந்தத் தீவுகளில் இன்றும் உண்டு. டொமினிக்கன் குடியரசின் மோன்சியோன் ஊரில் கசாபே இப்போதும் தொழில். துருவுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது, சுடும் கல்லை மட்டும் இன்னும் புரேன் என்றே சொல்கிறார்கள்.